டர்போ காரில் பவரை முடிவு செய்வது யார்? பூஸ்ட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கணினி வேலை செய்வது எப்படி?

1.0 லிட்டர் டர்போ, 1.2 லிட்டர் டர்போ... புதிய கார் விளம்பரங்களில் இப்போது இந்தப் பெயர்கள்தான் அதிகம். முன்பு 1.6 லிட்டர் இன்ஜின் கொடுத்த பவரை இன்று 1 லிட்டர் இன்ஜின் கொடுக்கிறது. காரணம் டர்போசார்ஜர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், அந்த டர்போவை அதன் போக்கில் விட்டால் இன்ஜினையே உடைத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

எவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நொடிக்குப் பல முறை முடிவு செய்வது காரில் இருக்கும் ஒரு சின்ன கணினி. இசியு என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் கார் சில நேரம் திடீரென இழுவை இல்லாமல் போவது ஏன்? 'ரீமேப் பண்ணினா பவர் ஏறும்' என்பது உண்மையா? விரிவாகப் பார்க்கலாம்.

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் எரிபொருள் எரிய காற்று வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. அதனால், அதிக பவர் வேண்டும் என்றால் அதிக பெட்ரோலை ஊற்றினால் மட்டும் போதாது. அதற்கேற்ற காற்றும் உள்ளே போக வேண்டும்.

டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். அதைத் தாண்டி அதிகமாக இழுக்க அதனால் முடியாது.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள் இருக்கும். சைலன்சர் வழியாக வீணாக வெளியேற வேண்டிய சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதோடு சேர்ந்து சுற்றும் மறு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதலாகத் தள்ளுகிறதோ அதுதான் பூஸ்ட். பூஸ்ட் 0.6 பார் என்றால், உள்ளே இருக்கும் மொத்த அழுத்தம் 1.6 பார். வெப்பநிலை மாறாமல் இருந்தால், சுமார் 60 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும்.

புதிய யோசனை இல்லை இது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால், சாதாரண மக்கள் ஓட்டும் கார்களுக்கு டர்போ வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

டர்போவுக்கு ஒரு குணம் உண்டு. அதிக காற்று போனால் அதிக எரிபொருள் எரியும். அதிகம் எரிந்தால் அதிக புகை வரும். அந்தப் புகை டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றும். அது மறுபடியும் அதிக காற்றைத் தள்ளும். இடையில் யாராவது நிறுத்தாவிட்டால் இந்தச் சுழற்சி ஏறிக்கொண்டே போகும்.

சின்ன கார் டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியவை. பெட்ரோல் இன்ஜினில் டர்போவுக்குள் வரும் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எல்லை மீறினால் சக்கரம், தண்டு, பேரிங் எல்லாமே சேதமாகும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு இன்னொரு பெரிய ஆபத்து 'நாக்கிங்'. காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை 1.6 பாருக்கு அழுத்தினால், டர்போவிலிருந்து வெளிவரும்போது சுமார் 90 டிகிரி வரை போய்விடும். இதைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. அதையும் மீறி சூடும் அழுத்தமும் கூடினால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். இன்ஜினில் 'டிக் டிக்' என்று உலோகம் தட்டுவது போல் சத்தம் வரும். அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், உருகும்.

அமெரிக்காவில் 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த ஆரம்பகால கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளித்தார்கள். அதற்கென்று காரில் தனி டேங்க். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் குறைக்கப்படும், பவரும் போய்விடும். பல உரிமையாளர்கள் அந்த டேங்கை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

குக்கர் வெயிட் போல ஒரு கதவு

டர்போவை அடக்க ஒரு எளிய வழி இருக்கிறது. புகை முழுவதையும் டர்போ சக்கரத்துக்கு அனுப்பாமல், ஒரு பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி நேராக சைலன்சருக்கு அனுப்பிவிடுவது. அதற்கான சின்ன கதவுதான் வேஸ்ட்கேட்.

இந்தக் கதவை ஒரு டப்பா திறக்கிறது. டப்பாவுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் தகடும் இருக்கும். டர்போ தள்ளும் காற்றில் கொஞ்சம், ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக இந்த டப்பாவுக்கு வரும். காற்றின் அழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும், ஒரு கம்பி நகர்ந்து கதவைத் திறக்கும். டர்போவின் வேகம் கட்டுக்குள் வரும்.

பிரஷர் குக்கர் வெயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் வெயிட் எழும்பும், ஆவி போகும். ஒரே வித்தியாசம், குக்கர் உள்ளே இருக்கும் ஆவியையே வெளியே விடுகிறது. வேஸ்ட்கேட் வெளியே விடுவது அழுத்திய காற்றை அல்ல, டர்போவைச் சுற்றும் புகையை.

பிரச்னை என்னவென்றால், குக்கர் வெயிட்டுக்குப் பருப்பும் ஒன்றுதான், கறியும் ஒன்றுதான். அதே போல ஸ்பிரிங்குக்கும் வெளியே வெயிலா மழையா, போட்டது நல்ல பெட்ரோலா மட்டமான பெட்ரோலா என்று எதுவும் தெரியாது. அதனால் மோசமான சூழ்நிலையிலும் இன்ஜின் தாங்கும் அளவுக்கு, எப்போதும் குறைவான பூஸ்டையே வைக்க வேண்டியிருந்தது.

இன்ஜினின் சத்தத்தைக் கேட்ட கார்

இந்த இடத்தில்தான் ஸ்வீடனின் சாப் நிறுவனம் வருகிறது. 1977-ல் சாப் 99 டர்போவை அறிமுகம் செய்த நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் ஏபிசி என்ற மின்னணு முறையைக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதில் முக்கியமானவர் அதன் பொறியாளர் பெர் கில்பிராண்ட்.

இன்ஜின் பிளாக்கில் ஒரு நாக் சென்சாரைப் பொருத்தினார்கள். அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் மைக் போன்ற கருவி அது. பூஸ்டை அளக்க இன்னொரு சென்சார். வேஸ்ட்கேட் டப்பாவுக்குப் போகும் ஹோஸின் நடுவில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வு. மூன்றையும் இணைக்க ஒரு மின்னணு பெட்டி.

நாக்கிங் இல்லாத வரை பூஸ்டை உயர விடும். நாக்கிங் கேட்டவுடன் பூஸ்டைக் குறைக்கும். நல்ல பெட்ரோல் போட்டால் அதிக பவர், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால் குறைந்த பவர். எப்படி இருந்தாலும் இன்ஜின் பத்திரம்.

இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. நாக்கிங் பயத்தால் சாப் தன் டர்போ இன்ஜினின் கம்ப்ரஷன் ரேஷியோவை 7.2 என்று குறைவாக வைத்திருந்தது. காவலுக்கு ஏபிசி வந்ததும் அதை 8.5 ஆக உயர்த்த முடிந்தது. கம்ப்ரஷன் கூடினால் அதே எரிபொருளில் அதிக வேலை நடக்கும். பூஸ்ட் வராத வேகத்திலும் இன்ஜின் சுறுசுறுப்பாக இருக்கும்.

இன்றைய டர்போ பெட்ரோல் கார்களும் அடிப்படையில் இதே வழியில்தான் போகின்றன. சென்சார்களும் கணக்கும்தான் பல மடங்கு கூடியிருக்கின்றன.

நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நடப்பது என்ன?

முதலில், நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை பெடல் சென்சார் கணினிக்குச் சொல்கிறது. இன்ஜின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, இவ்வளவு இழுவை வேண்டும், அதற்கு இவ்வளவு காற்று வேண்டும், அதற்கு இவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று கணினி ஓர் இலக்கை வைக்கிறது.

அடுத்து, அந்த இலக்கு இப்போது பாதுகாப்பானதா என்று பார்க்கிறது. உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு? கூலண்ட் வெப்பம் எவ்வளவு? வெளிக்காற்றின் அழுத்தம் என்ன? நாக்கிங் வருகிறதா? இவற்றில் ஏதாவது எல்லையை நெருங்கினால் இலக்கு குறையும். கொளுத்தும் வெயிலில், டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு மிதிக்கும்போது கார் கொஞ்சம் மந்தமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு வால்வுக்கு உத்தரவு போகிறது. இந்த வால்வுக்குத் தெரிந்தது இரண்டே வேலைதான், திறப்பது, மூடுவது. ஆனால் கணினி அதை நொடிக்குப் பல முறை திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்பதில்தான் கட்டுப்பாடே இருக்கிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால், டப்பாவுக்குப் போக வேண்டிய காற்றில் அதிக பங்கு வேறு வழியில் கசிந்துவிடும். டப்பா குறைந்த அழுத்தத்தையே உணரும். வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும். பூஸ்ட் ஏறும்.

கடைசியாக, உண்மையில் எவ்வளவு பூஸ்ட் வந்தது என்று சென்சார் திருப்பிச் சொல்கிறது. இலக்கைவிடக் குறைவு என்றால் சதவீதம் கூட்டப்படும், அதிகம் என்றால் குறைக்கப்படும். ஓட்டும் நேரம் முழுவதும் இது நடந்துகொண்டே இருக்கும்.

நாக்கிங் கேட்டால் கணினி முதலில் தொடுவது பூஸ்டை அல்ல, ஸ்பார்க் நேரத்தை. அதை அடுத்த சுற்றிலேயே தள்ளிப்போட முடியும். டர்போ சக்கரம் வேகம் குறையக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் உடனடி சிகிச்சை ஸ்பார்க் வழியாக, அதுவும் போதாவிட்டால் பூஸ்ட் குறைப்பு.

வயர் அறுந்தால் என்ன? ஹோஸ் கழன்றால் என்ன?

பல கார்களில், இந்த வால்வுக்கு மின்சாரம் வராவிட்டால் டர்போ காற்று முழுவதும் நேராக டப்பாவுக்கே போகும். ஸ்பிரிங் அனுமதிக்கும் குறைந்தபட்ச பூஸ்ட் மட்டும்தான் கிடைக்கும். அதாவது, வயர் அறுந்தால் பவர் குறையும், இன்ஜின் தப்பிக்கும்.

ஆனால், டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸ் விரிசல் விட்டாலோ கழன்றாலோ கதை தலைகீழ். அழுத்தம் ஏறுவதே டப்பாவுக்குத் தெரியாது. கதவு திறக்காது. பூஸ்ட் எகிறும். அப்போது அழுத்த சென்சார் மூலம் கணினி கண்டுபிடித்து, த்ராட்டிலை மூடியோ எரிபொருளை நிறுத்தியோ இன்ஜினைக் காப்பாற்றும்.

இந்தக் கவலையைக் குறைக்க, பல புதிய கார்களில் காற்று டப்பாவுக்குப் பதில் சின்ன மின்மோட்டாரே வேஸ்ட்கேட்டை நகர்த்துகிறது. கதவு எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கணினிக்குத் தெரியும். நிதானமாக ஓட்டும்போது கதவைத் திறந்து வைத்தால் புகை தடையில்லாமல் வெளியேறும், எரிபொருள் மிச்சமாகும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் கதவைத் திறந்து, மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கலாம்.

டீசல் காரில் என்ன வித்தியாசம்?

பல டீசல் கார்களில் இருப்பது விஜிடி. இதில் டர்போ சக்கரத்தைச் சுற்றி ஜன்னல் பலகைகள் போல நகரும் தகடுகள் இருக்கும். வேகம் குறைவாக இருக்கும்போது தகடுகள் நெருங்கி, புகை போகும் வழியைக் குறுக்கும். புகை பீய்ச்சி அடித்து டர்போவைச் சீக்கிரம் சுற்றும். வேகம் கூடியதும் தகடுகள் விரிந்து வழிவிடும். எப்போது நெருங்க வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் கணினிதான் சொல்லும்.

இதை நம் ஊர் சாலைகளிலேயே பார்த்திருக்கிறோம். இந்தியாவில் பல கம்பெனிகள் பயன்படுத்திய 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் டீசல் இன்ஜின், மாருதி ஸ்விஃப்டில் சாதாரண டர்போவுடன் 75 பிஎஸ் பவர் கொடுத்தது. எர்டிகாவில் அதே இன்ஜின் விஜிடி டர்போவுடன் 90 பிஎஸ் கொடுத்தது.

ஊட்டி ஏறும்போது டர்போ என்ன செய்கிறது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.77 பார்தான். டர்போ இல்லாத காருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காற்று குறைகிறது, பவரும் குறைகிறது.

டர்போ கார் இதைச் சமாளிக்கும், ஆனால் சும்மா அல்ல. உள்ளே 1.6 பார் வேண்டும் என்றால், சென்னையில் காற்றை 1.6 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். அந்த வேகம் எல்லையைத் தொடப்போகிறது என்று கணக்கு சொன்னால், கணினி பூஸ்ட் இலக்கைக் குறைத்துவிடும். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு நடக்காது.

ஓவர்டேக் செய்யும்போது இழுவை போனால்?

இலக்கு ஒன்று, வருவது வேறொன்று என்ற நிலை நீடித்தால், கணினி 'லிம்ப் மோட்' என்ற பாதுகாப்பு நிலைக்குப் போகும். இன்ஜின் லைட் எரியும். பூஸ்ட் கிட்டத்தட்ட நின்றுவிடும். 1 லிட்டர் டர்போ கார், டர்போ இல்லாத 1 லிட்டர் கார் போல மாறிவிடும். நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் உண்மையிலேயே ஆபத்து. அந்த நேரத்தில் மேலும் மிதிப்பதில் பயனில்லை. வாய்ப்பு இருந்தால் ஓவர்டேக்கைக் கைவிட்டு இடதுபக்கம் வந்துவிடுவது நல்லது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டால் பி0299 என்று வந்தால் பூஸ்ட் தேவையைவிடக் குறைவு என்று பொருள். பி0234 என்றால் அதிகம் என்று பொருள். இரண்டையும் பார்த்தவுடன் டர்போவையே மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. கழன்ற கிளாம்ப், கிழிந்த இன்டர்கூலர் பைப், விரிசல் விட்ட மெல்லிய ஹோஸ், மக்கர் செய்யும் வால்வு, கரி படிந்து இறுகிய விஜிடி தகடுகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவற்றைப் பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டு டர்போ செலவுக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

'ரீமேப் பண்ணினா பவர் ஏறுமா?'

ஏறும். அதில் சந்தேகமில்லை. ஏறும் பவர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

கார் கம்பெனி பூஸ்ட் எல்லையை முடிவு செய்யும்போது கடும் வெயில், மலைப்பாதை, மட்டமான எரிபொருள், பல ஆண்டு தேய்மானம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வைக்கிறது. ரீமேப் அந்த இடைவெளியைத்தான் பவராக மாற்றுகிறது. நன்றாகத் தெரிந்தவர், அளந்து பார்த்து, அளவோடு செய்தால் இடைவெளியில் கொஞ்சம் மிஞ்சும். எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக் கொடுத்தால் எதுவும் மிஞ்சாது.

இன்னும் மோசமானது சில 'டியூனிங் பாக்ஸ்'கள். இவை அழுத்த சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையில் இருப்பதைவிடக் குறைவான பூஸ்டைக் காட்டும். 'பத்தலை போல' என்று நினைத்து கணினி பூஸ்டை ஏற்றும். காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலத்தான் இது. எல்லை மீறினால் தடுக்க வேண்டிய அதே அளவீடு பொய் சொல்கிறது. இதனால் இன்ஜின் பழுதானால் வாரண்டி கிடைப்பதும் கஷ்டம்.

டர்போ கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* கம்பெனி சொன்ன தரத்தில், சொன்ன நேரத்தில் ஆயில் மாற்றுங்கள். டர்போ தண்டு மெல்லிய ஆயில் படலத்தில்தான் சுற்றுகிறது.

* டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்காதீர்கள். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள். குறைந்த வேகத்தில் அதிக பூஸ்ட், பெட்ரோல் டர்போ இன்ஜினுக்கு மிகவும் கடினமான நிலை.

* மிதிக்கும்போது 'புஸ்' என்று காற்று கசியும் சத்தம் வந்தாலோ, டீசல் காரில் திடீரென கரும்புகை வந்தாலோ பைப்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

* மலை ஏறி முடித்ததும், அல்லது நீண்ட நேரம் வேகமாக ஓட்டியதும் உடனே ஆஃப் செய்யாமல், ஒரு நிமிடம் இன்ஜினை ஐடிலில் விடுங்கள்.

* இன்ஜின் லைட் எரிந்தால், கார் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். கணினி பூஸ்டைக் குறைத்து உங்கள் இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியது நாம்தான்.